கையொப்பத்திலிருந்து வாக்குச்சீட்டுக்கு: இரட்டைமலை சீனிவாசன்

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் நம் மேடைகளில் முதலில் எழுவது மன்னரோடு கைகுலுக்கிய கதைதான். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், தம் சாதியைச் சொல்லும் அடையாளத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, ஐந்தாம் ஜார்ஜின் கையைத் தொடாமல் ஒதுங்கி நின்றார் என்றும், காரணம் கேட்டறிந்த மன்னர் தாமே அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார் என்றும் சொல்வார்கள். கேட்கக் கேட்கச் சலிக்காத கதை. ஆனால் அதே மாநாட்டில் அவரும் அம்பேத்கரும் சேர்ந்து கொடுத்த மனுவில் என்ன கேட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதில் அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது வாக்குரிமை. சொத்துள்ளவருக்கும் வரி கட்டுபவருக்கும் மட்டும் என்றிருந்த வாக்கை வயது வந்த எல்லோருக்கும் கொடு என்று கேட்டார்கள். தேர்தல் நேரத்தில் நாம் நினைக்க வேண்டிய சீனிவாசன் அந்த மனுவைக் கொடுத்தவர்தான்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் 1859 ஜூலை 7 அன்று பிறந்தவர். படித்தது கோயம்புத்தூரில். நானூறு பிள்ளைகள் படித்த அந்தக் கல்விச்சாலையில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் எல்லாரும் பிராமணர்கள் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தம் சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்து அவர் யாரோடும் சேரவில்லை, விளையாடவில்லை. வகுப்பு தொடங்கும் நேரத்துக்குப் போய், முடிந்ததும் வீடு திரும்பினார். பிறகு நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு மைத்துனர். இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே மக்களுக்காகப் பத்திரிகை நடத்தியும் சபை கூட்டியும் உழைத்தவர்கள். ஆனால் வழி வேறு. பண்டிதர் பௌத்தத்துக்குள் போனார். சீனிவாசன் மனு, சபை, சட்டமன்றம் என்று அரசாங்கத்தின் கதவையே தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் நம் மாவட்டத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நிலம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆனால் அப்படி ஓர் ஆணை இருப்பதைச் சேரியில் யார் சொல்வது? கிராமத்தில் காகிதம் படிக்கத் தெரிந்தவர் கர்ணம். அந்த நிலம் சேரிக்குப் போகக் கூடாது என்று நினைத்தவர்களோடு சேர்ந்து உட்கார்பவரும் அவரே. உரிமை தாளில் வந்தும் உரியவருக்குச் சேதி வராத இந்த நிலையில்தான் 1893 அக்டோபரில் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் பறையன்.

எந்தச் சொல்லை ஊர் வசையாக எறிந்ததோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சிட்டார். நான்கு பக்கம், விலை இரண்டு அணா. சென்னையில் மட்டும் இரண்டு நாளில் 400 பிரதிகள் விற்றன. மாதம் ஒருமுறை வந்தது சில மாதங்களில் வாரம் ஒருமுறை ஆயிற்று. பின்னால் சொந்த அச்சகமும் வைத்தார். ஒருவர் படிக்கப் பலர் கூடி உட்கார்ந்து கேட்ட காலம் அது. ஆகவே 400 பிரதி என்பதை 400 வாசகர் என்று கணக்கிடக் கூடாது. பள்ளிக்கூடம், வேலை, நிலம், சபைக் கூட்டம் பற்றிய செய்திகள் அதில் வந்தன. பத்திரிகை ஏழு ஆண்டுகள் நடந்தது. முதலாளி பலம் இல்லாமல் ஏழு ஆண்டு என்பதை இன்று சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

அதே 1893-இன் கடைசியில் அவருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் வேறு கணக்குப் போட்டார்கள். இங்கே தேர்வு வைத்தால் எழுதக்கூடியவர் யார், தேறி ஆட்சியராக வந்து அமர்பவர் யார் என்று பார்த்தார்கள். கர்ணத்தின் பலகையும் ஆட்சியரின் நாற்காலியும் ஒரே கைக்குப் போய்விட்டால் சேரிக்காரன் யாரிடம் முறையிடுவது? டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூடிப் பேசி, எதிர்த்து மனு எழுதினார்கள். 3412 பேர் கையொப்பமிட்டார்கள். அந்த மனுவின் நீளம் 112 அடி. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

இதை வைத்து அவரை வெள்ளையருக்கு ஆள் என்று எழுதியவர்கள் உண்டு, இன்றும் எழுதுகிறார்கள். அந்த மனுவின் முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவர்கள் கேள்வி கேட்ட முறை. தேசத்துக்கு நல்லது என்று எல்லாரும் சொன்ன ஒன்றை எடுத்து, எங்களுக்கு இதில் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டுத்தான் கையொப்பம் போட்டார்கள். வாக்குச்சீட்டு அவர்களிடம் இல்லை. வாக்காளர் செய்ய வேண்டிய வேலையை மட்டும் வாக்கு கிடைப்பதற்கு இரண்டு தலைமுறை முன்பே செய்தார்கள்.

1900-க்குப் பிறகு அவர் கடல் கடந்து போனார். ஜான்சிபார் வழியாகத் தென்னாப்பிரிக்கா. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை. காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றது தம்மிடம் என்றும் குறித்து வைத்திருக்கிறார். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் இருந்த நேட்டால் எப்படிப்பட்ட இடம் என்பதையும் சொல்ல வேண்டும். 1896-இல் நேட்டால் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்திருந்தது. நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கேயும் வாக்கு கிடையாது என்பது அதன் சாரம். இந்தியர் என்ற சொல்லே அதில் வராது. ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் தவிர இந்தியர் எவரும் இனி உள்ளே நுழைய முடியாது. உன் ஊரில் உனக்கு வாக்கில்லை, அதனால் என் ஊரிலும் இல்லை என்ற இந்தத் தந்திரம் செல்லுபடியான நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1921-இல் திரும்பினார்.

திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பலர் ஓய்ந்து உட்காரும் வயதில்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது. 1919 சட்டப்படி சென்னை மாகாணத்துக்குச் சட்டமன்றம் வந்திருந்தது. தேர்தலும் நடந்தது. ஆனால் வாக்கு, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. மொத்த மக்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் அது இருந்தது. நிலமில்லாத சேரியில் வாக்காளரைத் தேடினாலும் கிடைக்காது. எனவே தாழ்த்தப்பட்டோரின் சார்பாளர்களை ஆளுநர் நியமித்தார். எம்.சி. ராஜா அப்படித்தான் முதலில் உள்ளே போனார். 1923-இல் சீனிவாசன் போனார். அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி என்று ஒன்று இல்லை. அவரைக் கேள்வி கேட்கும் வாக்காளரும் இல்லை. கேட்க ஆளில்லாத அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்ததைப் பாருங்கள்.

1924-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் போகலாம், புழங்கலாம், தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பது தீர்மானம். சபை ஏற்றது. அரசாங்கமும் அதே ஆண்டில் ஆணை பிறப்பித்தது. ஆணை வந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை. ஆனால் ஒருவன் தடுக்கப்பட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துப்போக ஒரு தாள் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் உரிமைக்குச் சட்டத்தில் ஒரு தொடக்கப்புள்ளி தேடினால் அந்தத் தீர்மானத்தில் போய் நிற்கும்.

விடுமுறை நாள்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்றும் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். கூலி கைக்கு வரும் நாளும் கடை திறந்திருக்கும் நாளும் ஒன்றானால் வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். வாக்குப்பதிவுக்கு முந்திய நாள்களில் கடைகள் சட்டப்படி மூடியிருக்க, அந்த இரவுகளில் நம் குடியிருப்புகளுக்குள் மட்டும் பாட்டில்கள் எப்படி வருகின்றன என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி என்பதையும் சட்டம் சொல்கிறது. அதைத் தெருமுனையில் யாரும் சொல்வதில்லை.

இனி லண்டன். 1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டே பேர்: 39 வயது அம்பேத்கர், எழுபதைக் கடந்த சீனிவாசன். இருவரும் கையொப்பமிட்டுக் கொடுத்த மனு சம குடியுரிமையில் தொடங்கி, அரசு வேலை, அமைச்சரவையில் இடம் வரைக்கும் போகிறது. சட்டமன்ற இடங்கள் பற்றிய பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்கு வேண்டும். முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும், அதாவது எங்கள் சார்பாளரை நாங்கள் மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு. ஆனால் வயது வந்தோர் வாக்குரிமை இல்லாமல் அந்தக் கூட்டுத் தொகுதியை எங்கள் விருப்பத்துக்கு மாறாகத் திணிக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில் அனுபவம் பேசுகிறது. சேரியில் பத்துப் பேருக்கும் ஊரில் ஆயிரம் பேருக்கும் வாக்கிருக்கும்போது கூட்டுத் தொகுதி வைத்தால், நம் பெயரில் நிற்பவரை ஊரே தேர்ந்தெடுக்கும். அவர் யாருக்குப் பதில் சொல்வார்? நம்மில் பலர் இன்றும் தனித்தொகுதியையும் தனி வாக்காளர் தொகுதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். தனித்தொகுதியில் நிற்பவர் மட்டும் தலித், வாக்களிப்பவர் எல்லோரும். சீனிவாசன் கேட்டது நிற்பவரும் வாக்களிப்பவரும் தலித் என்ற முறை.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வகுப்புவாரித் தீர்ப்பில் அது பெரிய அளவில் கிடைத்தது. தாழ்த்தப்பட்ட வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தம் சார்பாளருக்கு. இன்னொன்று பொதுத் தொகுதியில் நிற்பவருக்கு. இந்த இரண்டாவது வாக்கின் அருமையை அன்றே அம்பேத்கர் கண்டார். ஊர்ப் பெரியவர் பொதுத் தொகுதியில் நின்றால் சேரிக்கும் வந்து கும்பிட வேண்டும். எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியதும், நாடெங்கும் எழுந்த நெருக்கடியும் தெரிந்ததே. எம்.சி. ராஜா ஏற்கெனவே மூஞ்சேயோடு உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதிப் பக்கம் போயிருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு சீனிவாசனும் கையொப்பமிட்டார்; ராஜாவும் இட்டார்.

தீர்ப்பில் மாகாணங்கள் எல்லாவற்றுக்குமாக 71 இடம். ஒப்பந்தத்தில் 148. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 18 இடம் 30 ஆனது. எண்ணிக்கை கூடியது, இரண்டாவது வாக்கு போயிற்று. ஆனாலும் ஒப்பந்தத்தில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஊர் யாரை விரும்பினாலும் அவர் முதலில் சேரியின் சல்லடையில் நின்றாக வேண்டும்.

நடந்தது என்ன? 1937 தேர்தலில் பல தொகுதிகளில் அந்த முதற்கட்டத் தேர்தலே நடக்கவில்லை. நான்கு பேருக்கு மேல் நின்றால்தான் சல்லடை. அத்தனை பேர் நிற்கவில்லை. பட்டியலில் பெயர் ஏறிய தாழ்த்தப்பட்டோரும் குறைவு. வரி, சொத்து, எழுத்தறிவு என்ற வேலிகள் அப்போதும் இருந்தன. படிக்காத வாக்காளர்களுக்காக வாக்குப் பெட்டிக்கு நிறம் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் வாக்களியுங்கள் என்பதே பிரசாரம். நிற்பவர் பெயர்கூடத் தேவைப்படவில்லை. 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ஒதுக்கப்பட்ட 30-இல் 26-உம் அவர்களுக்கே.

அடுத்த ஆண்டே அதன் விளைவு தெரிந்தது. 1938-இல் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பூனாவில் கூட்டுத் தொகுதிக்காக வாதாடியவர் அவர். மாகாணப் பிரதமர் ராஜாஜி எதிர்த்தார், மசோதா விழுந்தது. ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்று வந்த காங்கிரஸ் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கட்சியின் பக்கம் நின்றார்கள். கோயிலுக்குள் போக முடியாதவர்களின் பெயரில் உட்கார்ந்தவர்கள்தாம் அவர்கள். ராஜா மனம் நொந்து காந்திக்கு எழுதினார். மஞ்சள் பெட்டியில் சீட்டுப் போட்ட சேரிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வாழ்வில் கண்ட முதல் வாக்குச்சீட்டு அது. தாம் அனுப்பும் ஆள் சபையில் யார் சொல்படி கை தூக்குவார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பறையன் பத்திரிகை நின்று அப்போது ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆகியிருந்தது.

சீனிவாசன் 1939-இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அவர் லண்டனில் கேட்ட வயது வந்தோர் வாக்குரிமை 1950-இல் அரசியல் சட்டமாயிற்று. 1951-52 பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். வரி ரசீது எதையும் காட்டாமல், நிலமற்ற கூலிக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு வாக்கோடு சாவடிக்குப் போனார்கள். பூனாவின் நால்வர் சல்லடை புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

அதனால் இன்று தனித்தொகுதியில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. ஊரில் பெரும்பான்மையாக உள்ள சாதிகளுக்கு யார் இடைஞ்சல் இல்லாதவர் என்று பார்ப்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். ஊராட்சிகளில் நிலைமை இன்னும் கொடுமையாக இருந்தது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. மேலவளவில் வென்று வந்த தலைவரை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். இத்தனை விலை கொடுத்த வாக்கைக் காலனித் தெருவின் மொத்த விலையாக ஒருவர் பேசி முடிக்கிறார் என்றால், அந்த ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

தெரிந்துகொள்ளச் சீனிவாசன் காலத்தில் இல்லாத வழிகள் இப்போது உண்டு. ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், படிப்பு, வழக்குகளைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அது தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் வரும். குற்ற வழக்கு உள்ளவர் அதை மூன்று முறை நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும். தேர்தல் நாள்களில் பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தால் போதும். பத்திரிகையை அப்படித்தான் முன்பு படித்தார்கள்.

சீனிவாசன் பிறந்த மண்ணில் மதுராந்தகம், செய்யூர் இரண்டும் தனித்தொகுதிகள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய மாவட்டம் இது. பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியவர்களில் இருவர் 1994-இல் காவல் துறையின் துப்பாக்கிக்குப் பலியான காரணை இதே மாவட்டத்தில் இருக்கிறது. சட்டப்பேரவை நடவடிக்கைகள் அச்சாகின்றன. 1924-இல் சீனிவாசன் எழுந்து பேசியதும் அந்த வரிசையில் இருக்கிறது. சென்ற ஐந்தாண்டில் இந்த இரண்டு தொகுதிகளின் உறுப்பினர்கள் பஞ்சமி நிலம் பற்றி எத்தனை முறை எழுந்தார்கள் என்பதும் அதில் இருக்கும். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது அதை அவர்களிடமே கேட்கலாம்.